காலேஜ் மைதானத்தில் கோடிகள்: யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்?

2026 ஜனவரி 19, திங்கட்கிழமை இரவு. மயாமியின் ஹார்ட் ராக் ஸ்டேடியத்தில் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் இறுதிப்போட்டி. இந்தியானா பல்கலைக்கழகமும் மயாமி பல்கலைக்கழகமும் மோதிக்கொண்டிருந்தன. ஆட்டத்தின் கடைசிப் பகுதி. இந்தியானாவுக்கு அது நான்காவது வாய்ப்பு. தவறவிட்டால் பந்து எதிரணியிடம் போய்விடும்.

குவார்ட்டர்பேக் ஃபெர்னாண்டோ மெண்டோசா பந்தை யாருக்கும் வீசவில்லை. தானே மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினார். எதிரணியினர் இடித்தும் விழாமல், கடைசியில் அப்படியே பாய்ந்து கோட்டைத் தாண்டினார். ஆட்ட முடிவில் 27-21. இந்தியானா சாம்பியன். அந்த சீஸனில் 16 ஆட்டங்கள், 16 வெற்றிகள்.

ஃபுட்பால் என்றதும் மெஸ்ஸியை நினைக்க வேண்டாம். இது முட்டை வடிவப் பந்தைக் கையால் எறிந்து, முட்டி மோதி ஆடும் அமெரிக்க ஆட்டம். அந்த நாட்டில் இதற்கு இருக்கும் வெறி கொஞ்சநஞ்சமல்ல. மிச்சிகன் பல்கலைக்கழக ஸ்டேடியத்தில் மட்டும் ஒரே நேரத்தில் 1,07,000 பேருக்கு மேல் உட்காரலாம். ஆடுபவர்கள் எல்லாம் காலேஜ் மாணவர்கள்!

இந்தியானாவின் வெற்றி ஏன் பெரிய செய்தி? 2025 சீஸன் தொடங்கியபோது, முதல்நிலைக் கல்லூரி அணிகளிலேயே வரலாற்றில் அதிகத் தோல்விகளைச் சுமந்திருந்த அணி அதுதான். 2023-ல்கூட 12 ஆட்டங்களில் 3 வெற்றி மட்டுமே. இரண்டே ஆண்டுகளில் அது நாட்டின் நம்பர் ஒன்.

இன்னொரு சுவாரஸ்யமும் உண்டு. மெண்டோசா இந்தியானாவில் படிப்பைத் தொடங்கியவர் அல்ல. கலிஃபோர்னியாவின் பெர்க்லியிலிருந்து மாறி வந்தவர். எதிரணியான மயாமியின் குவார்ட்டர்பேக் கார்சன் பெக், ஜார்ஜியா பல்கலைக்கழகத்திலிருந்து மாறி வந்தவர். இந்தியானாவின் கோச் கர்ட் சிக்னெட்டி, தான் முன்பு வேலை பார்த்த ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு டஜன் வீரர்களைக் கையோடு கூட்டி வந்தவர்.

பத்து வருடங்களுக்கு முன்பு இந்தக் கதை நடந்திருக்கவே முடியாது.

ஒரு விதவையின் வழக்கு

எப்படி மாறியது? அதைப் புரிந்துகொள்ள 1955-க்குப் போக வேண்டும்.

கொலராடோ மாநிலத்தில் ஃபோர்ட் லூயிஸ் என்ற சின்னக் கல்லூரி. அதன் அணியில் ஆடிய ரே டென்னிசன், ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்துபோனார். கணவனை இழந்த மனைவி, வேலையில் இறந்த தொழிலாளிக்குக் கிடைக்கும் இழப்பீட்டைக் கேட்டார். 1957-ல் மாநில உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. கல்லூரி ஃபுட்பால் தொழில் நடத்தவில்லை, எனவே அவர் தொழிலாளி அல்ல என்பது தீர்ப்பின் சாரம்.

இப்படிப்பட்ட வழக்குகள் வரும் என்று கல்லூரி விளையாட்டுகளை ஆளும் என்.சி.ஏ.ஏ. அமைப்புக்கு ஏற்கெனவே பயம் இருந்தது. அதன் தலைமை நிர்வாகி வால்டர் பையர்ஸ் காலத்தில் ஒரு புதுச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். 'மாணவ விளையாட்டு வீரர்'. கேட்க அழகாக இருக்கும். ஆனால், 'இவர்கள் ஊழியர்கள் அல்ல' என்று சொல்வதுதான் அதன் வேலை.

அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேல் சட்டம் இதுதான்: படிப்புக்கான ஸ்காலர்ஷிப், தங்குமிடம், சாப்பாடு உண்டு, சம்பளம் கிடையாது. தன் பெயர் போட்ட பனியனைக் கடையில் விற்று ஒரு டாலர் வாங்கினாலும் குற்றம். 2005-ல் நாட்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையை வென்ற ரெஜி புஷ், விதிக்குப் புறம்பாகப் பணமும் சலுகைகளும் பெற்றதாகச் சொல்லப்பட்டதால் 2010-ல் கோப்பையைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. 2024-ல்தான் அது அவரிடம் திரும்பி வந்தது.

வேடிக்கை என்னவென்றால், இந்த முறையைக் கட்டிக்காத்த அதே வால்டர் பையர்ஸ், ஓய்வுக்குப் பிறகு 1995-ல் எழுதிய புத்தகத்தில் இதையே கடுமையாகச் சாடினார். வீரர்களின் உழைப்பில் மற்றவர்கள் சம்பாதிக்கிறார்கள் என்பது அவருக்கே உறுத்தியது.

பணம் எங்கிருந்து வந்தது?

1984 வரை எந்த ஆட்டத்தை டி.வி.யில் காட்டலாம் என்று என்.சி.ஏ.ஏ.தான் முடிவு செய்தது. ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் வழக்குப் போட்டு, உச்ச நீதிமன்றம் வரை போய் அந்த ஏகபோகத்தை உடைத்தன. அதன்பின் டி.வி. கம்பெனிகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றன.

இன்று 'பிக் டென்' என்ற ஒரே ஒரு கூட்டமைப்பின் ஏழு ஆண்டு டி.வி. ஒப்பந்தம் 700 கோடி டாலருக்கு மேல். இறுதிச் சுற்றுகளுக்கு மட்டும் ஈ.எஸ்.பி.என். ஆறு ஆண்டுகளுக்கு 780 கோடி டாலர் தருகிறது.

பயிற்சியாளர்களும் நன்றாகவே சம்பாதித்தார்கள். டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகம் 2023-ல் தன் கோச் ஜிம்போ ஃபிஷரை வேலையைவிட்டு அனுப்பியது. ஒப்பந்தத்தை முறித்ததற்காக அவருக்குத் தர வேண்டியிருந்த தொகை சுமார் 7.6 கோடி டாலர். நம் பணத்தில் 600 கோடி ரூபாய்க்கும் மேல். வேலை செய்யாமல் இருப்பதற்கு!

மைதானத்தில் எலும்பு முறியும் பையனுக்கு மட்டும் ஹாஸ்டல் சாப்பாடு போதும் என்றால், எத்தனை நாளைக்கு ஒத்துக்கொள்வார்கள்?

மூன்று பூட்டுகள் உடைந்தன

முதல் பூட்டை உடைத்தது கலிஃபோர்னியா. கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்று 2019-ல் சட்டம் போட்டது. மற்ற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. 2021 ஜூனில் ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னார்கள். பத்தே நாளில், 2021 ஜூலை 1 முதல், விளம்பரங்களில் நடிக்கவும் கையெழுத்துப் போட்டு விற்கவும் வீரர்களுக்கு அனுமதி கிடைத்தது.

விளம்பரம் என்பது பெயருக்குத்தான். பணக்கார முன்னாள் மாணவர்கள் 'கலெக்டிவ்' என்ற பெயரில் குழுக்கள் அமைத்து, நல்ல வீரர்களைத் தங்கள் கல்லூரிக்கு இழுக்கப் பணத்தைக் கொட்டினார்கள்.

இரண்டாவது பூட்டு, இடமாற்றம். முன்பெல்லாம் கல்லூரி மாறினால் ஒரு வருடம் ஆடாமல் பெஞ்சில் உட்கார வேண்டும். 2018 அக்டோபரில் 'டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்' என்ற ஆன்லைன் பட்டியல் வந்தது. மாற விரும்புபவர் அதில் பெயரைப் பதிந்தால் மற்ற கல்லூரிகள் பேசலாம். 2021-ல் ஒருமுறை மாறுபவர்களுக்குக் காத்திருப்பு இல்லை என்றார்கள். 2024-ல் படிப்பில் தேறியிருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றாகிவிட்டது.

மூன்றாவதுதான் பெரிய பூட்டு. 2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன் ஒரு சமரச ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் கொடுத்தார். அதன்படி, முன்னாள் வீரர்களுக்குப் பத்து ஆண்டுகளில் சுமார் 280 கோடி டாலர் இழப்பீடு. அதோடு, பல்கலைக்கழகங்களே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலர், ஏறக்குறைய 180 கோடி ரூபாய்.

சிரித்தவர்களும் அழுதவர்களும்

மெண்டோசாவைப் போன்றவர்களுக்கு இது பொற்காலம். மயாமியில் வளர்ந்த பையன் அவர். பள்ளி முடித்தபோது பெரிய அணிகள் பெரும்பாலும் சீண்டவில்லை. சொந்த ஊர்ப் பல்கலைக்கழகமும் ஸ்காலர்ஷிப் தரவில்லை.  இந்தியானாவுக்கு வந்த வருடமே ஆடினார், ஹைஸ்மன் வென்றார், தன்னை வேண்டாம் என்ற ஊரிலேயே கோப்பையைத் தூக்கினார்.

ட்ரினிடாட் சாம்ப்லிஸின் கதையும் அப்படித்தான். ஃபெர்ரிஸ் ஸ்டேட் என்ற இரண்டாம் நிலைக் கல்லூரியில் ஆடிக்கொண்டிருந்தவர், 2025-ல் மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்கு மாறி, அந்த அணியை அரையிறுதி வரை கொண்டுபோனார்.

இன்னொரு பக்கம், கசப்பும் இருக்கிறது. டென்னசி அணியின் குவார்ட்டர்பேக் நிக்கோ யமலியாவா 2025 ஏப்ரலில் பணப் பேச்சுவார்த்தைக்கு நடுவே பயிற்சிக்கு வரவில்லை. கல்லூரி 'போய் வா' என்று சொல்லிவிட்டது. அவர் லாஸ் ஏஞ்சல்ஸ் போய் யு.சி.எல்.ஏ.வில் சேர்ந்தார். அங்கே அணி முதல் மூன்று ஆட்டங்களிலும் தோற்று, கோச்சின் வேலையே போனது.

அவருக்காவது ஓர் இடம் கிடைத்தது. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான வீரர்கள் போர்ட்டலில் பெயரைப் போடுகிறார்கள். எல்லோருக்கும் அழைப்பு வருவதில்லை. பெயரைப் பதிந்துவிட்டால் பழைய கல்லூரி ஸ்காலர்ஷிப்பை நிறுத்திவிடலாம். கையில் இருந்ததும் போய், தேடியதும் கிடைக்காமல் நடுத்தெருவில் நிற்கும் பையன்களைப் பற்றித் தலைப்புச் செய்தி வருவதில்லை.

பள்ளிப் பையன்களுக்கும் அடிதான். பதினேழு வயதுப் பிள்ளையைச் சேர்த்து மூன்று வருடம் வளர்ப்பதைவிட, வேறொரு கல்லூரி வளர்த்துவைத்த 21 வயது வீரரைக் கூட்டி வருவது கோச்களுக்குச் சுலபமாக இருக்கிறது.

மற்ற விளையாட்டுகளின் கதை இன்னும் பரிதாபம். இழப்பீட்டுத் தொகையில் பெரும்பங்கு ஃபுட்பால், ஆண்கள் பாஸ்கெட்பால் வீரர்களுக்கே போகிறது. இது பெண்களுக்கு அநீதி என்று சில வீராங்கனைகள் மேல்முறையீடு செய்தார்கள். கலிஃபோர்னியாவின் கால் பாலி பல்கலைக்கழகம் செலவைக் காரணம் காட்டி 2025 மார்ச்சில் நீச்சல் அணிகளையே மூடிவிட்டது. அந்தக் குளத்தில் விடிகாலையில் நீந்திய பிள்ளைகள் ஃபுட்பாலைத் தொட்டதுகூட இல்லை.

பழைய உறவுகளும் உடைந்தன. நூறு ஆண்டுகளைக் கடந்த 'பேக்-12' கூட்டமைப்பிலிருந்து, பெரிய டி.வி. பணத்தைத் தேடி 2024-ல் பத்துப் பல்கலைக்கழகங்கள் வெளியேறின. மிஞ்சியவை இரண்டே இரண்டு. பசிபிக் கடலோரத்தில் இருக்கும் ஸ்டான்ஃபோர்டு இன்று ஆடுவது 'அட்லாண்டிக் கடலோரக் கூட்டமைப்பில்'! ஒரு லீக் ஆட்டத்துக்காக மாணவர்கள் நாட்டின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் பறக்கிறார்கள். திங்கட்கிழமை வகுப்பு என்னாவது?

விசுவாசம் யாருக்கு?

'இந்தக் காலத்துப் பசங்களுக்கு விசுவாசமே இல்லை' என்று பல ரசிகர்கள் புலம்புகிறார்கள். அவர்கள் ஆதங்கம் பொய்யில்லை. ஒரு பையன் முதல் வருடத்தில் தடுமாறி, நான்காம் வருடத்தில் நாயகனாவதைக் கூடவே இருந்து பார்ப்பதுதான் கல்லூரி ஆட்டத்தின் ருசி. இப்போது வருடா வருடம் முகங்கள் மாறுகின்றன.

ஆனால், பெரியவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள்? மிசிசிப்பி அணி 11 வெற்றி, ஒரே தோல்வி என்று 2025 சீஸனில் உச்சத்தில் இருந்தது. கோப்பைக்கான சுற்று தொடங்கவிருந்த நேரத்தில், நவம்பர் 30 அன்று, கோச் லேன் கிஃபின் அதே கூட்டமைப்பில் உள்ள லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சேர்வதாக அறிவித்துவிட்டுக் கிளம்பினார். வீரர்கள் அவர் இல்லாமலேயே மீதி ஆட்டங்களை ஆடினார்கள். கோச் போனால் முன்னேற்றம், பையன் போனால் துரோகமா?

அவசரக் கூத்துகளைக் குறைக்கச் சில முயற்சிகள் நடக்கின்றன. ஃபுட்பால் வீரர்கள் மாறுவதற்கு ஆண்டில் இரண்டு முறை திறந்திருந்த வாசல், 2026-ல் ஜனவரி 2 முதல் 16 வரை மட்டுமே திறந்தது. 600 டாலருக்கு மேற்பட்ட வெளி ஒப்பந்தங்களைச் சரிபார்க்கப் புது ஆணையமும் வந்திருக்கிறது. ஆனாலும், வீரர் ஊழியரா, மாணவரா என்ற 1955-ன் கேள்விக்கு இன்னும் நேரான பதில் இல்லை. ஊழியர் என்றால் காயத்துக்கு இழப்பீடும் சங்கம் வைக்கும் உரிமையும் தர வேண்டும். அதற்குப் பல்கலைக்கழகங்கள் தயாராக இல்லை.

அதனால், பாரம் குடும்பங்களின் தலையில் விழுகிறது. பத்தொன்பது வயதுப் பிள்ளையின் கையில் லட்சக்கணக்கில் டாலர். வருமான வரியைத் தனியே எடுத்துவைக்க வேண்டும் என்று தெரியாமல் செலவழித்துவிடும் ஆபத்து. தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லில் ஏஜென்ட்டாக இருக்க வீரர்கள் சங்கத்தின் அங்கீகாரம் வேண்டும். கல்லூரி மட்டத்தில் நாடு முழுவதற்கும் அப்படியோர் ஏற்பாடு இல்லை. ஒவ்வொரு முறை மாறும்போதும் சில பாடங்களின் மதிப்பெண்களைப் புதுக் கல்லூரி ஏற்காமல் போகலாம். மூன்று கல்லூரி மாறி, நான்கு வருடம் ஆடி, பட்டம் இல்லாமல் வெளியே வருவது இன்று நடக்கக்கூடிய காரியம்.

கல்லூரியில் ஃபுட்பால் ஆடுபவர்களில் என்.எஃப்.எல்.லுக்குப் போகிறவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. மற்ற 98 பேருக்கும் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதில் ஆட்டம் முடிந்துவிடும். அதன்பின் அறுபது வருட வாழ்க்கை பாக்கி இருக்கிறது.

மெண்டோசாவைப் பற்றிப் பேசும்போது பலரும் சொல்ல மறக்கும் ஒரு விஷயம் உண்டு. அவர் பெர்க்லியை விட்டு வெறுங்கையோடு கிளம்பவில்லை. அங்கே வணிக நிர்வாகப் பட்டத்தை மூன்றே வருடத்தில் முடித்தவர் அவர். அந்த நான்காவது வாய்ப்பில் கால் தடுக்கி விழுந்திருந்தாலும், அந்தப் பட்டத்தை யாரும் அவரிடமிருந்து பறித்திருக்க முடியாது.

போர்ட்டலில் பெயர் போடத் துடிக்கும் பிள்ளையிடம் வீட்டுப் பெரியவர்கள் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான். எவ்வளவு தருகிறார்கள் என்பது இருக்கட்டும். ஆட்டம் முடிந்த மறுநாள் கையில் என்ன இருக்கும்?