வேலம்பாசி போட்ட கோடு

பதினோராம் வகுப்பில் படிக்கும் பெண் வீட்டில் இருந்தால், ஒரு நாள் ஊறுகாய் ஜாடியும் ஆப்பசோடா டப்பாவும் சமையலறையிலிருந்து மாயமாய் மறையும். கூடவே ஒரு பிடி வேலம்பாசியும் வந்து சேர்ந்திருந்தால் சந்தேகமே வேண்டாம்: ஒளிச்சேர்க்கையின் வேகத்தை அளக்கப் போகிறாள். (பாசிக்காகக் கண்மாயில் இறங்க விடாதீர்கள். மீன்தொட்டிக் கடைகளிலும் கிடைக்கும்.)

வேலை சுலபம். பாசித் தண்டைச் சாய்வாக நறுக்கி, நறுக்கிய முனை மேலே இருக்கும்படி, நுனியில் சிறு கல்லைக் கட்டித் தண்ணீரில் இறக்க வேண்டும். விளக்கை 40 சென்டிமீட்டர் தள்ளி வைத்தால், நறுக்கிய முனையிலிருந்து முத்து முத்தாய்க் குமிழிகள் கிளம்பும். அவற்றில் இருப்பது பெரும்பாலும் பிராணவாயு. ஐந்து நிமிஷம் பொறுத்து, ஒரு நிமிஷத்துக்கு எத்தனை என்று எண்ண வேண்டும். பிறகு 20 சென்டிமீட்டர், பிறகு 10. தூரம் பாதியானால் வெளிச்சம் நாலு மடங்கு. விளக்கின் சூடு பாசியைத் தாக்காமல் இருக்க எல்.இ.டி. பல்பு நல்லது.

வரைபடத்தில்தான் வம்பு பிறக்கிறது. முதலில் கோடு ஜோராக ஏறும். பிறகு வளைந்து படுத்துவிடும். வெளிச்சம் நாலு மடங்கு, குமிழி மட்டும் ஏறவில்லையே என்று பெண் கலங்குவாள். "அழித்து ஸ்கேல் வைத்து நேராய்ப் போடு, மார்க் போய்விடும்" என்று அண்ணன்காரன் உபதேசம் செய்வான். அந்த ரப்பரை முதலில் பிடுங்கி வையுங்கள்! அவள் கண்டுபிடித்ததே அந்த வளைவைத்தானே?

மாவு தீர்ந்த பிறகு அடுப்பை எரியவிட்டால் இட்லி கூடுமா? பாசிக்கு மாவு, தண்ணீரில் கரைந்த கரியமில வாயு. எது பற்றாக்குறையோ அதுவே வேகத்தைக் கட்டுப்படுத்தும் என்று கேம்பிரிட்ஜ் பிளாக்மன் 1905-இல் எடுத்துச் சொன்னார். விளக்கை நகர்த்தாமல் ஒரு சிட்டிகை ஆப்பசோடாவைக் கரைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். குமிழி மறுபடி வேகம் பிடித்தால், குறை வெளிச்சத்தில் இல்லை, மாவில்தான்.

கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸும் இதே வேலம்பாசியைத்தான் எடுத்துக்கொண்டார். அவர் செய்த கருவியில் குமிழி வெளியேறும்போதெல்லாம் மின்சாரம் பாய்ந்து, சுழலும் காகிதத்தில் குறி விழும். பார்க்கிறவர் மனத்தில் எந்த ஆசை இருந்தாலும் அங்கே செல்லாது. கோடைப் பாசியும் குளிர்காலப் பாசியும் கரியமில வாயுவை ஒரே விதமாக ஏற்பதில்லை என்பதை அவர் கவனித்தார். 1924-இல் வெளியான தம் புத்தகத்தில் எழுதியும் வைத்தார். சூடேறிய, கரியமில வாயு குறைந்த நீரில் வேலம்பாசி வேறொரு வழிக்கு மாறிக்கொள்கிறது என்று பல பத்தாண்டுகள் கழித்து மற்ற விஞ்ஞானிகளும் கண்டார்கள்.

மதுரையில் கோடைக்கா பஞ்சம்? சித்திரையில் ஒரு தடவை, மார்கழியில் ஒரு தடவை எண்ணி, இரண்டு கோடுகளையும் ஒரே தாளில் போட்டுப் பார்க்கட்டும்.