வன்தட்டைக் கணினி காணாதபோது: களத்தரவும் பல்கலைக்கழகங்களின் பொறுப்பும்

சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் மொழிக் களஆய்வு செய்யும் முனைவர் பட்ட ஆய்வாளர் பலரின் பல்லாண்டு உழைப்பு, உள்ளங்கையில் அடங்கும் ஒரே ஒரு புற வன்தட்டில்தான் இருக்கிறது. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானது. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தது. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமானது. எல்லைக்கோடு இவ்வளவு முறை நகர்ந்த நிலத்தில், தெலுங்குச் சூழலில் வாழும் தமிழையும், தமிழோடு நெருங்கிய உறவுடைய எருகுல மொழியையும் பதிவு செய்வது எளிய பணியன்று. பேசிய மூதாட்டி மறைந்துவிட்டால் அந்தப் பதிவை மீண்டும் எடுக்க வழியில்லை. ஆகவே, கணினி ஒரு வன்தட்டை அடையாளம் காணாத தருணம் வெறும் இயந்திரக் கோளாறாக முடிந்துவிடுவதில்லை. அது ஆய்வறம் சார்ந்த சிக்கலாகிறது.

முதலில் தெளிவு பெற வேண்டிய உண்மை ஒன்று உண்டு. ‘வன்தட்டு தெரியவில்லை’ என்பதும் ‘தரவு அழிந்தது’ என்பதும் ஒன்றல்ல. பல நேரங்களில் தரவு அப்படியே இருக்கிறது. பதற்றத்தில் மனிதர் அடுத்துச் செய்யும் செயலே அதை அழிக்கிறது. மொழியை ஒலி, உருபு, தொடர், பொருள் என அடுக்கடுக்காகப் பகுத்து நோக்கப் பழகியவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமன்று. வன்தட்டுக்கும் அடுக்குகள் உண்டு: மின்சாரம், இணைப்பு, இயந்திரம், பகுப்பு அட்டவணை, கோப்பு முறைமை. பிழை எந்த அடுக்கில் என்று அறியாமல் மருந்திடுவது, ஒலித்திரிபைத் தொடரியல் பிழையாகக் கருதித் திருத்துவதற்கு ஒப்பாகும்.

கீழடுக்கிலிருந்து தொடங்குவதே முறை. கேபிளை மாற்ற வேண்டும். கைப்பேசிக்கு மின்னேற்ற மட்டுமே பயன்படும் கேபிள்களில் தரவு செல்லாது. இடையில் யுஎஸ்பி ஹப் இருந்தால் அதை நீக்கி, கணினியின் வேறொரு போர்ட்டில் நேரடியாக இணைக்க வேண்டும். யுஎஸ்பி 2.0 தரநிலை 500 மில்லிஆம்பியர் மின்னோட்டத்தையும், 3.0 தரநிலை 900 மில்லிஆம்பியரையும் வழங்குகின்றன. பழைய போர்ட் ஒன்றால் வன்தட்டைச் சுழற்ற இயலாமற்போவது இயல்பே. 3.5 அங்குல வன்தட்டாயின் அதற்குரிய அடாப்டரையும் ஐயுற வேண்டும். பிறகு, அதனை வேறொரு கணினியில் இணைத்துப் பார்க்க வேண்டும்.

அங்கும் கோப்புகள் தோன்றாவிடில், விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் பகுதியை நோக்க வேண்டும். வன்தட்டு அங்கே சரியான கொள்ளளவுடன் தெரிந்தால் நம்பிக்கைக்கு இடமுண்டு. எழுத்துக்குறி ஒதுக்கப்படாததே காரணமாயின், அதை ஒதுக்கியதும் கோப்புகள் வெளிப்படும். மேக் அல்லது லினக்ஸ் கணினியில் உருவாக்கிய கோப்பு முறைமையை விண்டோஸ் படிக்காமலிருப்பதும் உண்டு. அந்நிலையில் வன்தட்டில் குறையே இல்லை.

ஆபத்து பிறக்கும் இடம் அடுத்தது. ‘பயன்படுத்துவதற்கு முன் ஃபார்மட் செய்க’ என்றோ, ‘இனிஷியலைஸ் செய்க’ என்றோ விண்டோஸ் கேட்கும். முன்னது புதிய கோப்பு முறைமையையும், பின்னது புதிய பகுப்பு அட்டவணையையும் வன்தட்டில் எழுதும். இரண்டுக்கும் மறுப்பே விடையாக இருக்க வேண்டும். பிழை திருத்தும் செக்டிஸ்க் கட்டளையும் வன்தட்டில் எழுதக்கூடியது. நலிந்த வன்தட்டில் அதை இயக்கலாகாது. முதலில் முழு வன்தட்டையும் வேறொன்றில் படியெடுத்து, மீட்பு முயற்சிகள் அனைத்தையும் அந்தப் படியின் மீதே செய்ய வேண்டும். நல்ல பகுதிகளை முதலில் படித்துவிட்டுப் பழுதான பகுதிகளுக்குப் பின்னர் திரும்பும் டிடிரெஸ்க்யூ என்ற கட்டற்ற மென்பொருள் இதற்கெனவே உள்ளது.

வன்தட்டிலிருந்து ‘டிக், டிக்’ என்ற ஒலி எழுந்தால் எந்த மென்பொருளையும் நாடாமல் உடனே மின்னிணைப்பைத் துண்டிக்க வேண்டும். படிப்பு முனை பழுதடைந்திருக்கலாம். ஒவ்வொரு சுழற்சியும் தட்டின் பரப்பைச் சுரண்டக்கூடும். மூடியைத் திறப்பது தூய அறை வசதி உடையோரின் வேலை. தெருமுனைக் கடையின் வேலையன்று. சென்னையோ பெங்களூரோ செல்வதற்கான செலவு, அழிந்த குரலின் விலையைவிடக் குறைவு.

இவையெல்லாம் நோய் வந்த பின்னான மருத்துவம். வருமுன் காத்தல் யாருடைய கடமை? ‘ஆய்வாளருடையது’ என்று சொல்லிப் பல்கலைக்கழகங்கள் ஒதுங்குவது பொருந்தாது. ஆய்வேட்டை மின்வடிவில் பெற்றுச் சோத்கங்காவில் ஏற்றும் ஏற்பாடு நாட்டில் உள்ளது. அவ்வேட்டுக்கு அடிப்படையான ஒலிப்பதிவுகளைக் கேட்டு வாங்கிப் பாதுகாக்கும் ஏற்பாடு பெரும்பாலான துறைகளில் இல்லை. முடிவுரை காக்கப்படுகிறது, சான்று ஆய்வாளரின் பையில் கிடக்கிறது. மேகச் சேமிப்பு போதும் என்பாரும் உளர். ஒத்திசைவு முறையில் இங்கே தவறி அழித்த கோப்பு அங்கும் மறையும். மேலும், தகவலாளியின் ஒப்புதலின்றி அவர் குரலை வணிக நிறுவனத்தின் சேமிப்பகத்தில் வைப்பது தனிக்கேள்வி.

கிரியர்சனின் மொழி அளவாய்வையொட்டிச் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் எடுக்கப்பட்ட கிராமஃபோன் பதிவுகள் இன்றும் கேட்கக் கிடைக்கின்றன. நிறுவனங்கள் அவற்றைக் காத்ததே காரணம். திருமலையில் தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியாரின் கீர்த்தனைகளைத் தாங்கிய செப்பேடுகள் ஓர் அறையில் நெடுங்காலம் கிடந்தும், இருபதாம் நூற்றாண்டில் வேட்டூரி பிரபாகர சாஸ்திரி போன்ற அறிஞர்களால் பதிப்பிக்கப்பட்டன. செப்பேடு புறக்கணிப்பைத் தாங்கும்; வன்தட்டு தாங்காது.

ஆகவே வேண்டுவது பெரிதன்று. முனைவர் பட்டப் பாடநெறியின் ஆய்வு முறையியல் தாளில், மேற்கோள் முறைக்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு பகுதியைத் தரவுப் பாதுகாப்புக்கும் ஒதுக்க வேண்டும். மூன்று படிகள், இருவகை ஊடகங்கள், ஒன்று வேறோர் ஊரில் என்ற எளிய விதியைத் துறைகள் கட்டாயமாக்க வேண்டும். வாய்மொழித் தேர்வுக்கு முன் நெறியாளர் ஆய்வேட்டின் பக்கங்களைப் புரட்டுவதோடு நில்லாது, பதிவுகளின் இரண்டாம் படியைத் திறந்து ஒரு குரலையேனும் கேட்டுப் பார்க்க வேண்டும்.