ஜாதகத்தில் இல்லாத கட்டம்

கீழ்க்கட்டளை பஸ் நிலையத்தை ஒட்டிய தெருவில் ஒரு வீடு. பெண்ணுக்கு வரன் அமைந்து, பத்துப் பொருத்தமும் கூடி, தட்டு மாற்ற நாள் பார்த்தாயிற்று. அந்த நேரத்தில் அத்தைப்பாட்டி ஒரு சேதி கொண்டு வந்தாள். "பையனோட சித்தப்பா மனநோய்க்கு மாத்திரை சாப்பிடறவராமே! ரத்தத்திலே இருக்கிறது போகுமா?"

சம்பந்தம் அன்றே முறிந்தது. அடுத்த மாதம் பெண்ணைத் தாய்மாமனுக்கே நிச்சயம் செய்தார்கள். தெரிந்த ரத்தமாம், எல்லோருக்கும் பரம திருப்தி!

எந்த ஊரிலும் நடக்கிற காரியந்தான். ஆனால் பயம் ஓரிடத்தில், ஆபத்து வேறிடத்தில்.

மனச்சிதைவு நோய் ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு வருகிறது. தாய்க்கோ தகப்பனுக்கோ இருந்தால், பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்குப் பத்து. சித்தப்பாவுக்கு என்றால் அதைவிட மிகக் குறைவு. ஒரே கருவில் உண்டான இரட்டையரில் ஒருவருக்கு வந்தாலும், மற்றவர் பாதிக்குப் பாதி தப்பி விடுகிறார். ஒரு ஜீன் செய்கிற வேலையல்ல இது. நூற்றுக்கணக்கான ஜீன்கள் சிறுகச் சிறுகத் தள்ள, வாழ்க்கையின் அடிகளும் சேர வேண்டும். டாக்டர் சாரதா மேனன் 1984-ல் சென்னையில் தொடங்கிய மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி நிறுவனமும் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகளும் தென்னிந்தியர்களின் ரத்தத்தை ஆராய்ந்து, 2019-ல் ஒரு ஜீன் பகுதியைச் சுட்டினார்கள். அதுவும் ஆபத்தைச் சற்றே கூட்டுவதுதான்.

இந்தப் பயத்தால் வியாதி குறைகிறதா? மருந்துதான் ஒளிகிறது. புகுந்த வீட்டுக்குத் தெரியக்கூடாதென்று பெண் மாத்திரையை நிறுத்துகிறாள், நோய் திரும்புகிறது.

தாய்மாமன் சங்கதி வேறு. மாமனுக்கும் மருமகளுக்கும் ஜீன்களில் கால் பங்கு பொது. பழுதான ஜீன் ஒன்று இருவரிடமும் மறைந்திருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. புத்தி வளர்ச்சி குன்றும் சில வியாதிகள் இவ்வழியில்தான் வருகின்றன. சொந்தத்தில் மணந்தவர்களின் பிள்ளைகளில் பெரும்பாலோர் நன்றாகவே இருக்கிறார்கள் என்பதும் உண்மை. ஆயினும், தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நாலில் ஒருவருக்கு மேல் சொந்தத்தில் வாழ்க்கைப்பட்டவர்கள் என்று 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்லும்போது, அலட்சியம் தகுமா?

ஜீனில் இருப்பதெல்லாம் தலைவிதியும் அல்ல. நார்வேயில் ஒரு தாய், புத்தி வளராத தன் இரு குழந்தைகளின் மூத்திரத்தில் விநோத வாடை வீசுவதை விடாமல் சொல்லி வந்தாள். டாக்டர் ஃபோலிங் 1934-ல் காரணத்தைக் கண்டார்: உணவுப் புரதத்தின் ஒரு கூறு உடலில் கரையாமல் தேங்கி மூளையைக் கெடுத்தது. பிறந்தவுடனே கண்டுபிடித்துப் பத்திய உணவு கொடுத்தால், இன்று அக்குழந்தைகள் பள்ளிக்கூடம் போகின்றன.

"பேச்சு வராமலே, புத்தி தெளியாமலே போன குழந்தை யாராவது உண்டா?" என்பதே கீழ்க்கட்டளையில் கேட்க வேண்டிய கேள்வி. உண்டென்றால் மரபியல் டாக்டரிடம் ரத்தப் பரிசோதனைக்குப் போகலாம். தாய்மாமன் வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்து இறந்ததாகப் பழைய பேச்சு உண்டு. ஆனால் யார் போய்க் கேட்பது? பெண்ணின் தாய் பிறந்த வீடாயிற்றே!