மட்பாண்டத்தில் வைத்த உறுதி



முல்லைத்தீவு மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். தாயார் சீதனமாக எழுதிக் கொடுத்த காணியின் உறுதியையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களையும் 2009ஆம் ஆண்டுக் கடைசி இடப்பெயர்வின்போது பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் கட்டியிருந்தாராம். நீரேரியைக் கடக்கும்போது பை போய்விட்டது. கணவரும் அந்த நாட்களிலேயே காணாமற்போனார். நான்கு வருடங்களுக்கு முன் அயலவர் ஒருவர் காணியின் பாதிக்கு வேலி போட்டுவிட்டார். கேட்டால், "உறுதி இருந்தால் கொண்டு வா" என்கிறாராம். மூத்த மகளுக்குக் கலியாணம் பேசியிருக்கிறது. அந்தக் காணியில் ஒரு துண்டை அவளுக்கு எழுதவும் வேண்டும். கடிதத்தின் முடிவில் இன்னொன்றும் கேட்டிருக்கிறார்: வேதாகமக் காலத்தில் எங்களைப் போன்ற பெண்கள் எங்கே போய் வழக்குச் சொன்னார்கள்?

உறுதி தொலைந்ததால் காணி தொலையவில்லை என்று ஒரு வரியில் பதில் எழுதிவிடலாம். ஆனால் சகோதரியின் இரண்டாவது கேள்வியின் வழியே போனால் முதலாவது இன்னும் தெளிவாகும் என்று நினைக்கிறேன். சைவச் சகோதரிகளும் முஸ்லிம் சகோதரிகளும் இதை வேதபாடமாக எடுக்க வேண்டாம். இது காணிப் பாடம்.

பழைய எபிரேய ஊர்களில் நீதிமன்றத்துக்கென்று தனிக் கட்டடம் இருக்கவில்லை. ஊர் மதிலின் வாசல்தான் நீதிமன்றம். வயலுக்குப் போகிறவரும் சந்தைக்கு வருகிறவரும் அதனால்தான் போய்வர வேண்டும். மூப்பர்கள் அங்கே இருந்து வழக்குக் கேட்பார்கள். நாங்கள் இருக்கும் கொட்டாஞ்சேனையிலிருந்து புதுக்கடை நீதிமன்றங்கள் நடந்து போகும் தூரம். அங்கே உள்ளே போகவே பயமாக இருக்கிறது என்று சொல்லும் சகோதரிகள் பலர். எபிரேயப் பெண்ணுக்கு அந்தப் பயம் இருந்திராது, தண்ணீர் அள்ளப் போகும் வழிதானே. எங்கள் நாட்டில் அதற்குக் கிட்ட வருவது 1988ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த மத்தியஸ்த சபைதான்.

நகோமி பஞ்சத்தினால் மோவாப் தேசத்துக்குப் போய், கணவனையும் இரண்டு ஆண்மக்களையும் அங்கே பறிகொடுத்து, மருமகள் ரூத்துடன் வெறுங்கையாய்ப் பெத்லெகேமுக்குத் திரும்பியவள். அவளுடைய காணி விடயத்தை வாசலில் பத்து மூப்பரை இருத்தி, சனம் கேட்கப் பேசித் தீர்த்தவன் போவாஸ். மற்ற உறவினன் தன் உரிமையை விட்டுக்கொடுத்ததற்கு அடையாளமாகச் செருப்பைக் கழற்றிக் கொடுத்தான். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. ஆனால் அந்த வாசலில் நகோமியும் பேசவில்லை, ரூத்தும் பேசவில்லை.

வாய் திறந்து கேட்ட பெண்களும் இருக்கிறார்கள். சூனேம் ஊர்ப் பெண் ஒருத்தி பஞ்சத்தினால் ஏழு வருடம் பெலிஸ்தர் நாட்டில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தாள். வீடும் வயலும் கைவிட்டுப் போயிருந்தன. நேரே அரசனிடம் போய் முறையிட்டாள். அரசன் ஒரு அதிகாரியை நியமித்து, காணியை மட்டுமல்ல, அவள் ஊரை விட்ட நாளிலிருந்து அந்த வயலில் வந்த வருமானத்தையும் கொடுக்கச் சொன்னான். 1990இல் வலிகாமம் வடக்கைவிட்டு வெளிக்கிட்டு, வருடக்கணக்கில் காத்திருந்து, துண்டு துண்டாகக் காணி விடுபட்டவர்கள் இந்த இடத்தை இன்னொருமுறை வாசிக்கலாம். இடையில் விழுந்த தேங்காய்க்குக் கணக்குக் கேட்கலாம் என்றே எங்களுக்குத் தோன்றவில்லையே.

இன்னும் பழைய கதை செலொப்பியாத்தின் ஐந்து மகள்மாருடையது. தகப்பன் ஆண்பிள்ளை இல்லாமல் இறந்துபோனார். காணி ஆண்களுக்கே என்பது அன்றைய வழக்கம். ஐந்து பேரும் மோசேயின் முன்னும் தலைவர்களின் முன்னும் போய் நின்று, ஆண்பிள்ளை இல்லை என்பதற்காக எங்கள் தகப்பனின் பெயர் அழிய வேண்டுமா என்று கேட்டார்கள். கேட்டதால் சட்டமே மாறியது. ஆனால் அந்தச் சட்டமும் முழுவதாக மாறவில்லை. மகன் இருந்தால் மகளுக்கு இல்லை. பிறகு, காணி வேறு கோத்திரத்துக்குப் போகக்கூடாது, தகப்பனின் கோத்திரத்துக்குள்ளேயே கலியாணம் செய்யவேண்டும் என்றும் கட்டளை வந்தது. காணி வெளியே போகாமல் சொந்தத்துக்குள் முடித்துவைப்பது எங்கள் ஊருக்கும் புதிதில்லைத்தானே! இதை ஏன் சொல்கிறேன் என்றால், வன்னியில் பலர் இருப்பது உறுதிக் காணியில் அல்ல, அரசாங்கம் கொடுத்த அனுமதிப்பத்திரக் காணியில். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி, பின்னுரித்தாளர் பெயர் குறிக்காமல் உரியவர் இறந்தால், பிள்ளைகளுக்குள் ஆண்பிள்ளைக்கே முதலிடம். அதை மாற்றியது 2022இல்தான். அந்த ஐந்து சகோதரிகள் கேட்டதை நாங்கள் எவ்வளவு பிந்திக் கேட்டிருக்கிறோம் பாருங்கள்.

இனி உறுதிக்கு வருவோம். எபிரேயச் சட்டத்தில் ஒரு சாட்சியின் சொல்லை வைத்து எவரையும் குற்றவாளியாக்க முடியாது. இரண்டு அல்லது மூன்று சாட்சிகள் வேண்டும். காலப்போக்கில் காணிக்கு எழுத்தும் வந்தது. எருசலேமைப் பாபிலோன் படை சுற்றி வளைத்திருந்த நேரம், கிறிஸ்துவுக்கு முன் 587ஆம் ஆண்டளவில், எரேமியா காவலில் இருந்தபடியே ஆனதோத்தில் ஒரு வயலை வாங்கினார். விலை 17 சேக்கல் வெள்ளி. ஷெல் விழுகிற ஊரில் காணி வாங்கியதுபோலத்தான் அது. சாட்சிகள் கையெழுத்து வைத்தார்கள். உறுதிப் பத்திரம் ஒன்று முத்திரையிட்டு மூடியது, மற்றது திறந்தது. இரண்டையும் நெடுநாள் இருக்கும்படி ஒரு மட்பாண்டத்தில் வைக்கச் சொன்னார். திறந்தது வாசிப்பதற்கு. மூடியது, எவராவது திறந்ததில் கள்ள வேலை செய்தால் உடைத்து ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு.

எங்கள் நாட்டுச் சட்டமும் இதையேதான் செய்கிறது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி காணி உறுதியை நொத்தாரிசின் முன்னால், இரண்டு சாட்சிகளின் முன்னிலையில் எழுத வேண்டும். எழுதும்போது ஒன்றல்ல, மூன்று எழுதப்படுகிறது. மூலம் உங்கள் கைக்கு வருகிறது. இரண்டாவது பிரதியை நொத்தாரிசு காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும். மூன்றாவது நொத்தாரிசின் கோவையில் இருக்கும். சகோதரி, நீரேரியில் போனது அந்த மூன்றில் ஒன்று மட்டுமே. உங்கள் மாவட்டத்துக்குரிய காணிப் பதிவகத்துக்குப் போய் அத்தாட்சிப்படுத்திய பிரதி கேளுங்கள். உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் தெரிந்தால் வேலை சுலபம். தெரியாவிட்டால் காணியின் பெயர், கிராமம், தாயாரின் முழுப்பெயர், நாலு பக்க எல்லை, எழுதிய வருடம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். எல்லைக் காணிக்காரரின் உறுதியிலும் உங்கள் காணியின் பெயர் எல்லையாக வந்திருக்கும். பழைய சோலைவரிப் பற்றுச்சீட்டு, வாக்காளர் இடாப்பில் உங்கள் பெயர், நிவாரண அட்டை இவையெல்லாம் உறுதி அல்ல, ஆனால் நீங்கள் அங்கே இருந்ததற்குச் சாட்சி. 1990 ஒக்டோபரில் வடக்கைவிட்டு வெளியேற்றப்பட்டுப் புத்தளம் போன முஸ்லிம் சகோதரிகளுக்கும் இதே வழிதான்.

கடதாசியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடிய முதற் பெண் நீங்கள் அல்ல. சாக்கடலுக்கு மேற்கே ஒரு மலைக்குகையில் 1961இல் தொல்பொருள் ஆய்வாளர் யிகாயேல் யாதீன் குழுவினர் ஒரு தோற்பையைக் கண்டெடுத்தார்கள். உள்ளே 35 பத்திரங்கள். அவற்றின் சொந்தக்காரி பபாதா என்ற யூதப் பெண். உரோமருக்கு எதிரான கிளர்ச்சி கி.பி. 132இல் தொடங்கியபோது ஊரைவிட்டு ஓடி, மற்றவர்களோடு குகையில் ஒளித்தவள் என்று கருதுகிறார்கள். அந்தக் குகையில் வீட்டுத் திறப்புகளும் கிடந்தன. வீட்டைப் பூட்டித் திறப்பை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்ட எங்களுக்கு அதற்கு விளக்கம் தேவையில்லை.

பபாதா இரண்டு முறை விதவையானவள். எழுத்தறியாதவள், அவளுக்காக வேறொருவர் எழுதியதாகப் பத்திரத்திலேயே இருக்கிறது. ஆனாலும் தகப்பன் தாய்க்கு எழுதிய நன்கொடை உறுதி, அவளுடைய ஈச்சந்தோட்டங்களைப் பதிந்த பத்திரம், கலியாண ஒப்பந்தம், இரண்டாம் கணவன் அவளிடம் வாங்கிய 300 தெனாரிக் கடன் என்று எல்லாவற்றையும் பத்திரப்படுத்தி வைத்திருந்தாள். பல பத்திரங்கள் எரேமியா செய்ததுபோலவே மேலே மூடியும் கீழே திறந்தும் இருமுறை எழுதப்பட்டவை. தகப்பனில்லாத மகனுக்கு நகரசபை நியமித்த இரண்டு பாதுகாவலரும் மாதம் இரண்டு தெனாரி மட்டும் கொடுத்தார்கள். போதாது என்று ஆளுநரின் மன்றுக்கே வழக்குக் கொண்டுபோனாள். வென்றாள் என்று எழுத ஆசைதான். ஆனால் 132 ஓகஸ்டில் எழுதிய பற்றுச்சீட்டில் மூன்று மாதத்துக்கு ஆறு தெனாரி என்றிருக்கிறது. ஏழு வருடத்துக்குப் பிறகும் அதே இரண்டு.

அந்த உரோம மன்றிலே அவளால் தனியே நிற்க முடியவில்லை. பக்கத்தில் ஒரு ஆண் பாதுகாவலர் வேண்டியிருந்தது. சிரிக்க வேண்டாம். எங்கள் தேசவழமை 1707இல் ஒல்லாந்தரால் எழுத்தாக்கப்பட்டபோது அதைச் சரிபார்த்தவர்கள் பன்னிரண்டு முதலிமார். அதில் பெண் எவரும் இல்லை. 1911ஆம் ஆண்டு யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, தேசவழமைக்குட்பட்ட மனைவி தன் சொந்தச் சீதனக் காணியையே கணவரின் எழுத்துமூலச் சம்மதமில்லாமல் விற்கவோ நன்கொடையாக எழுதவோ முடியாது. என் மனதுக்கு இது ஒரு நாளும் ஒத்துவரவில்லை. கணவர் இருக்குமிடம் தெரியாவிட்டால் என்ன செய்வது? அதே சட்டம் வழி விட்டிருக்கிறது. மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்தால், கணவரின் சம்மதமின்றியே எழுத நீதிபதி அனுமதி கொடுக்கலாம். மகளுக்கு எழுத நினைக்கும் சகோதரி இந்த வழியால்தான் போக வேண்டும்.

அதற்காகக் கணவர் இறந்துவிட்டார் என்று கையெழுத்து வைக்கத் தேவையில்லை. எபிரேயருக்கும் இந்தச் சிக்கல் இருந்தது. கணவன் இறந்ததற்கு இரண்டு சாட்சி இல்லாவிட்டால் மனைவி கட்டுண்டே இருக்க வேண்டும். தெல் அர்சா என்ற இடத்தில் ஆண்கள் கொல்லப்பட்டபோது, மூத்த கமாலியேல் என்ற போதகர் ஒரே சாட்சியை ஏற்று அவர்களின் மனைவிமார் மறுமணம் செய்ய விட்டார் என்று யூதருடைய மிஷ்னா நூல் சொல்கிறது. போரில் இரண்டு சாட்சிக்கு எங்கே போவது? அவர்களுக்கு ஒரு சாட்சியாவது இருந்தது. எங்கள் சகோதரிகளில் பலருக்கு அதுவுமில்லை, மரணச் சான்றிதழைக் கையால் தொடவும் மனமில்லை. 2016இல் வந்த திருத்தச் சட்டம், மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, காணாமற்போனமையை உறுதிப்படுத்தும் சான்றிதழைப் பெற வழி செய்தது. அதைப் பெறுவதால் தேடுவதை நிறுத்தியதாக ஆகாது. நீதிமன்றத்தில் கணவர் எங்கே என்று கேட்டால் காட்ட உங்கள் கையில் ஒரு கடதாசி இருக்கும், அவ்வளவுதான்.

வேலி விடயம்தான் அவசரம். 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி, பிறருடைய காணியை ஒருவர் தடையின்றித் தனக்கென்று பத்து வருடம் ஆண்டு அனுபவித்தால் உரிமை கேட்கலாம். போரால் இடம்பெயர்ந்தவர்களுக்காக 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் சேர்க்காதபடி 2016இல் ஒரு விசேட சட்டம் வந்தது. அது கால எல்லையோடு வந்த சட்டம். உங்கள் வேலி நான்கு வருடத்து வேலி, ஆகவே அந்தச் சட்டம் உங்களுக்குத் தேவையில்லை. பத்து நிறைய இன்னும் ஆறு வருடம் இருக்கிறது. கிராம உத்தியோகத்தரிடமும் பொலிஸிலும் முறைப்பாடு எழுதிவைப்பது நல்லது, ஆனால் முறைப்பாடு மட்டும் அந்தக் கணக்கை நிறுத்தாது. மத்தியஸ்த சபையில் தீராவிட்டால் வழக்குத்தான். பணமில்லை என்று பின்வாங்க வேண்டாம். சட்ட உதவி ஆணைக்குழு 1978இலிருந்து வசதியற்றோருக்கு இலவசமாக வழக்குப் பேசுகிறது. தலைமை அலுவலகம் புதுக்கடையில், கிளைகள் மாவட்டங்களில் இருக்கின்றன.

போகும்போது மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு கடிதத்திலும் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் திகதியோடு அலுவலக முத்திரை குத்தச் சொல்லி வாங்குங்கள். அதை வீட்டில் வைத்துவிட்டு, மற்றப் பிரதியை நம்பிக்கையான ஒருவரின் வீட்டில் வையுங்கள். பதிவகத்தில் என்ன சொன்னார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.