வயிறு சுருங்கினால் போதுமா?

உண்ண உணவின்றி வாடுவோர்க்கே ஊட்டக்குறை உண்டாகும் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உடல் பருத்து, அப்பருமனைக் குறைக்க அறுவை மருத்துவம் செய்துகொண்டவர்க்கும் அக்குறை உண்டாகலாம் என்பதைப் பலர் அறியார்.

இவ்வறுவை இன்று சென்னை, கோவை, மதுரை போன்ற நகரங்களில் நடைபெறுகிறது. ஒரு முறையில் இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி நீக்கிவிடுகின்றனர். மற்றொரு முறையில் இரைப்பையின் மேற்புறத்தில் சிறு பை ஒன்றை அமைத்து, முன்சிறுகுடலை விலக்கி, அதற்குக் கீழுள்ள குடலோடு இணைக்கின்றனர். இந்த இரண்டாம் முறையை 1966-இல் அமெரிக்காவில் அயோவாவைச் சேர்ந்த எட்வர்டு மேசன் என்னும் மருத்துவர் தொடங்கிவைத்தார். எடை குறைகிறது, பலருக்குச் சர்க்கரை நோயும் கட்டுப்படுகிறது. ஆகவே அறுவையைக் குறை கூறுவது என் நோக்கமன்று.

ஆனால் இரைப்பை வெறும் பை அன்று. பி12 வைட்டமினை உடல் ஏற்பதற்கு வேண்டிய அமிலமும் ஒருவகைப் புரதமும் அங்கேதான் சுரக்கின்றன. இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் பெரிதும் முன்சிறுகுடலில்தான் உறிஞ்சப்படுகின்றன. உணவு செல்லும் வழியையே மாற்றிவிட்ட பின், கீரையும் பாலும் உண்டால் மட்டும் போதுமா? வாழ்நாள் முழுதும் வைட்டமின் மாத்திரை வேண்டும். பி12 ஊசியும் சிலருக்கு வேண்டும். இரும்பு மாத்திரையையும் சுண்ணாம்பு மாத்திரையையும் ஒரே வேளையில் விழுங்கலாகாது. இரண்டு மணி நேரமேனும் இடைவெளி வேண்டும்.

இதில் மறைந்திருக்கும் ஆபத்து ஒன்றுண்டு. பி12 சத்தைக் கல்லீரல் சில ஆண்டுகளுக்குச் சேமித்து வைத்திருக்கும். மாத்திரையை நிறுத்தியவர் ஓராண்டு நலமாகவே இருப்பார்; "மாத்திரை எதற்கு?" என்றும் கேட்பார். பின்னர் பாதம் மரத்துப்போகும், நடை தள்ளாடும், நினைவு மங்கும். காலந்தாழ்த்தினால் நரம்பின் கேடு முழுவதும் திரும்பாது. பி1 சத்தோ இதற்கு நேர்மாறு. அதன் கையிருப்பு இரண்டு மூன்று வாரங்களுக்கே. அறுவைக்குப் பின் ஓயாத வாந்தி கண்டால் உடனே மருத்துவரை நாட வேண்டும்.

பி1 குறைவினால் வரும் பெரிபெரி நோய் நமக்குப் புதிதன்று. பழைய சென்னை மாகாணத்தின் வட மாவட்டங்களில், ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்டோரை அது வாட்டியது. புழுங்கலரிசி உண்டோரை அவ்வளவாக அணுகவில்லை. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. இந்நோயை ஆராயவே 1918-இல் குன்னூரில் இராபர்ட் மெக்காரிசன் ஆய்வைத் தொடங்கினார். அங்கு வளர்ந்த ஆய்வுக்கூடமே 1958-இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. வயிறு நிறைந்தும் உடல் பட்டினி கிடக்கலாம் என்று அன்றே கற்ற பாடத்தை இன்று மறக்கலாமா?

எலுமிச்சைக்குப் பெயர்பெற்ற நம் புளியங்குடியில், "தினம் ஒரு எலுமிச்சை பிழிந்து குடித்தால் எல்லாச் சத்தும் கிடைக்கும்" என்று சொல்வோர் உண்டு. எலுமிச்சை சி வைட்டமின் தரும். கீரையிலுள்ள இரும்பை உடல் ஏற்கவும் துணை செய்யும். ஆனால் பி12 அதில் துளியும் இல்லை. பால், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றில்தான் அது உண்டு. எனவே சைவ உணவினர் இன்னும் விழிப்பாக இருத்தல் வேண்டும். அறுவை செய்துகொண்ட இளம்பெண்கள் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை கருவுறுதலைத் தள்ளிவைக்க வேண்டும் என்பது மருத்துவர் அறிவுரை. மணமான உடனே "விசேஷம் உண்டா?" என்று கேட்கும் உறவினர் இதனை அறிதல் நலம்.

அறுவை பெருநகரில் முடிந்துவிடுகிறது. நோயாளியோ நம் ஊருக்குத்தான் திரும்பி வருகிறார். 2021 ஆகஸ்டு 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வீடு தேடி வருகின்றன. அந்தப் பையில் இவர்களுக்குரிய வைட்டமின் மாத்திரைகளுக்கும் இடம் வேண்டும். ஆண்டுக்கொருமுறை இரத்தப் பரிசோதனையை அருகிலுள்ள அரசு மருத்துவமனையிலேயே செய்துகொள்ள வழி வேண்டும். கூலி வேலை செய்பவர் ஒருநாள் ஊதியத்தை இழந்து, பேருந்துக் கட்டணமும் கொடுத்து மதுரைக்குப் போவாரா? போகாமல் இருந்துவிடுவார் என்பதே உண்மை.

அறுவை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அதன்பின் உள்ள கவனிப்போ ஆயுள் முழுமைக்கும் உரியது. அப்பொறுப்பை நோயாளியின் தலையில் மட்டும் சுமத்தாமல் அரசும் குடும்பமும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதே என் கருத்து. இளைத்துத் திரும்பிய உறவினரைக் கண்டால், "எவ்வளவு எடை குறைந்தது?" என்று கேட்பதோடு நில்லாமல், "மாத்திரை சாப்பிட்டீர்களா?" என்றும் கேட்போமாக.