அந்த ஒரு ரூபாய் பிளேன் எங்கப்பா போச்சு?

போன ஞாயித்துக்கிழமை டி.வி-யில 'சூரரைப் போற்று' ஓடிட்டிருந்துச்சு. எத்தனையாவது தடவைன்னு கணக்கே கிடையாது. கடைசியில ஊர் ஜனம் மொத்தமும் பிளேன்ல இருந்து இறங்கி வர்றப்ப, அம்மா வழக்கம்போல முந்தானையால கண்ணைத் துடைச்சாங்க. நான் வழக்கம்போல தூசி விழுந்த மாதிரி ஆக்ட் கொடுத்தேன். தறிக்குழியில காலை விட்டபடியே எட்டிப் பார்த்துட்டிருந்த அப்பா மட்டும் ஒரு கேள்வி கேட்டார்.

"அதெல்லாம் சரிடா... அந்த ஆளோட கம்பெனி இப்ப எங்க இருக்கு?"

நான் மெக்கானிக்கல் மூணாவது வருஷம். ஏரோப்ளேன் பத்தி கேட்டா பதில் தெரியணும்னு வீட்ல ஒரு நம்பிக்கை. எனக்குத் தெரிஞ்சது படம் வரைக்கும்தான். ரெண்டு நாள் லைப்ரரியில உட்கார்ந்து தேடினேன். தேடினா, படம் முடியற இடத்துக்கு அப்புறம்தான் பாஸ் நிஜக் கதை சூடு பிடிக்குது!

முதல்ல ஒரு விஷயம். படத்துல வர்ற நெடுமாறன் சோழவந்தான்காரர். நிஜ ஆள் கேப்டன் ஜி.ஆர்.கோபிநாத், கர்நாடகாவுல ஹாசன் மாவட்டம் கோரூர்காரர். ஏர்ஃபோர்ஸ் இல்ல, ராணுவம். 1971 யுத்தத்துல இருந்தவர், இருபத்தெட்டு வயசு வாக்குல யூனிஃபார்மைக் கழட்டி வெச்சுட்டு ஊருக்குத் திரும்பிட்டார். திரும்பி வந்து பார்த்தா, ஹேமாவதி ஆத்துல அணை கட்டினதுல குடும்ப நிலம் தண்ணிக்குள்ள போயிருக்கு. அதுக்குப் பதிலா சர்க்கார் கொடுத்தது எங்கேயோ ஒரு கட்டாந்தரை. அங்க கூடாரம் போட்டுத் தங்கி விவசாயம் பண்ணியிருக்கார் மனுஷன். தென்னை வெச்சார், அப்புறம் பட்டுப்பூச்சி வளர்த்தார். ரசாயனம் அதிகம் போடாம பட்டு வளர்த்ததுக்காக 1996-ல ரோலெக்ஸ் விருது வாங்கியிருக்கார். ஆமா, அந்த வாட்ச் கம்பெனி கொடுக்கிற விருதேதான்.

இதைப் படிச்சுக் காட்டினதும் அப்பா நாடாவை நிறுத்திட்டார். "பட்டுப்பூச்சி வளர்த்தவரா? அட, நம்மாளுடா!"

எங்க ஊரைத் தெரியாதவங்களுக்கு: திருப்பருத்திக்குன்றம், காஞ்சிபுரத்தை ஒட்டினாப்ல, வேகவதி ஆத்தோரம். ஜினகாஞ்சின்னும் சொல்வாங்க. சமணர் கோயில் மண்டபத்துல மேற்கூரை முழுக்க வரைஞ்சிருக்கிற பழைய ஓவியத்தைப் பார்க்க எங்கெங்கேருந்தோ வருவாங்க. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துட்டுப் போவாங்க. ஊர் பேர்ல இருக்கிறது பருத்தி, தறியில ஓடுறது பட்டு. அந்தப் பட்டு நூல் வர்றது பெரும்பாலும் கர்நாடகாவுல இருந்து. கோபிநாத் தோட்டத்துக் கூடு எதுவும் எங்க வீட்டுப் பாவுக்கு வந்துச்சான்னு யாருக்குத் தெரியும்? ஆனா அப்பா வந்திருக்கும்னே முடிவு பண்ணிட்டார். நான் எதுக்குக் கெடுக்கணும்!

விவசாயத்துல இருந்து மனுஷன் நேரா வானத்துக்குப் போகலை. நடுவுல என்னென்னவோ வியாபாரம், ஒரு தேர்தல் தோல்வி. அப்புறம் 1997-ல ராணுவ நண்பர் கேப்டன் சாமுவேலோட சேர்ந்து ஹெலிகாப்டர் வாடகைக்கு விடுற டெக்கான் ஏவியேஷன். அமெரிக்காவுல ஃபீனிக்ஸ்னு ஒரு ஊர் ஏர்போர்ட்டுக்குப் போனப்ப, அங்க ஒரு நாளைக்கு வந்து போற பிளேன் எண்ணிக்கை மொத்த இந்தியாவை விட அதிகம்னு கேட்டு ஆடிப் போயிட்டதா அவரே சொல்லியிருக்கார். நம்ம நாட்டுல அப்ப பிளேன்ல போறவங்க யாரு? கம்பெனி காசுல போற மேனேஜர், மந்திரி, சினிமாக்காரங்க. மிச்சம் அத்தனை பேரும் ரயில்ல வெயிட்டிங் லிஸ்ட்!

2003 ஆகஸ்ட்ல ஏர் டெக்கான் ஆரம்பிச்சது. 48 சீட் இருக்கிற சின்ன ஏ.டி.ஆர் விமானம். ஹூப்ளி, மங்களூர் மாதிரி ஊர்களை பெங்களூரோட இணைச்சாங்க. அந்த வருஷமே ஹைதராபாத்ல இருந்து விஜயவாடாவுக்குத் தொடக்க விழா விமானம். உள்ளே அப்போதைய பி.ஜே.பி. தலைவர் வெங்கய்ய நாயுடு, பத்திரிகைக்காரங்க. கிளம்பறதுக்கு முன்னாடியே இன்ஜின்ல தீ! எல்லாரும் பத்திரமா இறங்கிட்டாங்க. ஆனா டி.வி. முழுக்க அதுதான் ஓடுச்சு. அதோட மூட்டை கட்டாம திரும்ப எழுந்து நின்னதுதான் பெரிய விஷயம். எனக்கு அரியர் வந்தப்போ நான் ரெண்டு வாரம் போர்வைக்குள்ளேயே கிடந்தேன்.

டிக்கெட் விலை மத்த கம்பெனியில பாதி, சில நேரம் அதுக்கும் கீழே. கொஞ்சம் சீட்டு மட்டும் ஒரு ரூபாய், வரி தனி. ஆர்.கே.லக்ஷ்மணோட வேட்டி கட்டின 'காமன் மேன்' தாத்தாதான் அவங்க விளம்பரத்துல நின்னார். பெட்ரோல் பங்க்ல கூட டிக்கெட் வித்தாங்க. அப்பாவும் ஒரு தடவை அந்த ஒரு ரூபாய்க்கு ஆசைப்பட்டு காஞ்சிபுரத்துல பிரவுசிங் சென்டருக்குப் போயிருக்கார். அங்க இருந்த பையன் "கிரெடிட் கார்டு இருக்காண்ணே?"ன்னு கேட்டிருக்கான். சொசைட்டி பாஸ்புக்தான் இருந்துச்சு. மணிக்கு இருபது ரூபாய் கொடுத்துட்டுத் திரும்பி வந்துட்டார். "ஒரு ரூபாய் டிக்கெட்டுக்கு இருபது ரூபாய் நஷ்டம்"னு இன்னிக்கும் சொல்லிச் சிரிப்பார்.

ஆனா அவருக்கு ஒரு சந்தேகம் அப்பவே இருந்திருக்கு. "ஒரு ரூபாய்க்கு ஜரிகையில ஒரு இழை வராது. பிளேனை எப்படிடா ஓட்டுனான்?"

இந்த இடத்துலதான் நம்ம படிப்பு கை கொடுத்துச்சு. (மொத தடவை!) தறியை வெச்சே சொன்னேன்.

ஒரு பாவுல மூணு புடவை. மூணாவது புடவையை அறுத்ததும் அடுத்த பாவைப் பிணைக்கணும். இழை இழையா ஆயிரக்கணக்குல. அந்த நாள் முழுக்க தறி நிக்கும், கூலி வராது, வாடகையும் வட்டியும் மட்டும் ஓடும். விமானமும் அப்படித்தான். தரையில நிக்கிற ஒவ்வொரு நிமிஷமும் தண்டம். மாச வாடகை, பைலட் சம்பளம், பார்க்கிங் காசு எல்லாம் ஓடிட்டே இருக்கும். அதனால இறங்கின விமானத்தை 25, 30 நிமிஷத்துல திருப்பி அனுப்பணும். சாப்பாடு கொடுத்தா தட்டு கழுவ, ஏத்த இறக்க நேரம் போகும். அதனால சாப்பாடு கட், வேணும்னா காசு கொடுத்து வாங்கிக்கோ. பிசினஸ் கிளாஸ் கிடையாது, ஏர்பஸ் ஏ320-ல முழங்கால் இடிக்க இடிக்க 180 சீட். ஒரே மாடல் விமானம் வெச்சுக்கிட்டா ஸ்பேர் பார்ட்ஸ், மெக்கானிக், பைலட் ட்ரெய்னிங் எல்லாமே ஒண்ணு. அமெரிக்காவுல சவுத்வெஸ்ட் 1971-லயே டெக்ஸாஸ்ல பறக்க ஆரம்பிச்சு உலகத்துக்குக் காட்டின ரூட்டு இதுதான்.

அப்புறம் விலை. புடவை இன்னிக்கு விக்கலைன்னா தீபாவளிக்கு விக்கும், பீரோவுலயே இருக்கலாம். கிளம்பிட்ட விமானத்துல காலியா இருக்கிற சீட்டை யாருக்கு விப்பீங்க? அதனால முன்கூட்டியே புக் பண்றவனுக்கு அடிமாட்டு விலை, கடைசி நிமிஷத்துல ஓடி வர்றவன் தலையில மொத்தத்தையும் கட்டுறது. எங்க கிளாஸ்ல ஒருத்தன் புனேவுல இன்டர்வியூன்னு முதல் நாள் ராத்திரி டிக்கெட் போட்டான். நாலு மாச மெஸ் பில் காலி. அவன் பக்கத்து சீட்டு ஆள் அதுல நாலுல ஒரு பங்கு விலையில போயிருப்பார். அவரோட ஆஃபருக்கு ஸ்பான்சர் யாருன்னா, நம்ம பயதான்!

அப்பா எல்லாத்தையும் கேட்டுட்டு, "அப்ப ஒரு ரூபாய் சும்மா ஆளைக் கூப்பிடுற மணி"ன்னார். எம்.பி.ஏ. படிச்சவங்க ரெண்டு பக்கம் எழுதுவாங்க இதை.

இவ்வளவு தெளிவான கணக்கு இருந்தும் ஏர் டெக்கான் ஏன் நிக்கலை? வேகம்தான்னு எனக்குப் படுது. நாலே வருஷத்துல அறுபதுக்கும் மேல ஊர். சின்ன ஊருக்கு ஏ.டி.ஆர், பெரிய ஊருக்கு ஏர்பஸ்னு ரெண்டு வகை விமானம். ஒரே மாடல் சூத்திரம் அங்கேயே உடைஞ்சுது. லேட்டு, கேன்சல்னு பேரும் கெட்டுச்சு. 2005-ல ஸ்பைஸ்ஜெட், 2006 ஆகஸ்ட்ல இண்டிகோன்னு போட்டிக்கு ஆள் வந்தாச்சு. எல்லாரும் விலையைக் குறைக்க, பெட்ரோல் விலை மட்டும் ஏற, 2006-ல ஷேர் வித்தும் பத்தலை. 2007-ல விஜய் மல்லையாவோட யு.பி. குரூப் 26 சதவிகிதம் வாங்குச்சு.

மல்லையா எதுக்கு வாங்கினார்ங்கிறது இன்னும் சுவாரஸ்யம். அப்ப ஒரு சட்டம்: உள்ளூர்ல அஞ்சு வருஷம் ஓட்டின, 20 விமானம் வெச்சிருக்கிற கம்பெனிக்குத்தான் வெளிநாட்டு ரூட்டு. கிங்ஃபிஷர் பொறந்ததே 2005. டெக்கானுக்கு 2008-ல அஞ்சு முடியும். டெக்கானோட சேர்ந்துட்டா வயசும் சேர்ந்து வந்துடும்ல? அதே 2008-ல கிங்ஃபிஷர் லண்டனுக்குப் பறந்துச்சு, காமன் மேன் தாத்தாவைத் தூக்கிட்டு 'கிங்ஃபிஷர் ரெட்'னு பேர் மாத்தினாங்க. ஆனா அந்த வருஷ நடுவுல கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலரைத் தொட்டுச்சு. 2011-ல ரெட்டை மூடுறோம்னு மல்லையா அறிவிச்சார். 2012 அக்டோபர்ல மொத்தக் கடையும் சாத்தியாச்சு. மாசக்கணக்குல சம்பளம் வராம நின்ன ஊழியர்களைப் பத்தி எந்தப் படமும் வரலை.

கோபிநாத் விடலை. 2017 கடைசியில அரசாங்கத்தோட உடான் திட்டத்துல ஏர் டெக்கான் பேரைத் திரும்ப எடுத்து, சின்ன விமானங்களை வெச்சு ஓட்டிப் பார்த்தார். 2020-ல கொரோனா வந்து அதையும் நிறுத்திடுச்சு.

"அப்ப தோத்துட்டாரா?"ன்னு அம்மா கேட்டாங்க. கண்ணீர் வேஸ்ட்டாப் போச்சோன்னு பயம் அவங்களுக்கு. எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரலை. அவர் போட்ட ரோட்டுலதான் இன்னிக்கு எல்லாரும் போறாங்க. இண்டிகோ அவர் செஞ்ச தப்பைப் பார்த்துட்டே வந்த மாதிரி இருக்கும்: பறக்கிறதுக்கு முன்னாடியே, 2005-ல 100 ஏர்பஸ் ஆர்டர், பத்து வருஷம் ஒரே வகை விமானம். மலேசியாவுல டோனி ஃபெர்னாண்டஸ் 2001-ல கடன்ல கிடந்த ஏர் ஏஷியாவை ஒரே ஒரு ரிங்கிட்டுக்கு வாங்கினார் (அங்கேயும் ஒண்ணு!). அந்த விமானம் 2008 டிசம்பர்ல திருச்சிக்கு வந்துச்சு. இன்னிக்கு திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கத்துப் பசங்க செமஸ்டர் லீவுக்கு கோலாலம்பூர் போட்டோ போட்டு வயித்தெரிச்சல் கிளப்புறாங்கன்னா காரணம் அதுதான்.

ஆனா ஜெயிச்சவங்க கம்மியாகிட்டே வர்றது உறுத்துது. ஜெட் ஏர்வேஸ் 2019-ல போச்சு, கோ ஃபர்ஸ்ட் 2023-ல போச்சு. 2025 டிசம்பர்ல பைலட் ஓய்வு நேர விதியால இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானத்தை ரத்து பண்ணினப்ப, வேற சீட்டு இல்லாம விலை எகிறி, கடைசியில சர்க்காரே உச்ச விலை போட வேண்டியதாப் போச்சு.

இதையெல்லாம் நான் எழுதி முடிச்சு கிளாஸ்ல காட்டினேன். மூணாவது பெஞ்ச்ல உட்கார்ற பொண்ணு ஒருத்தி முழுசாப் படிச்சா. அவ வீடு பரந்தூர் பக்கம். சென்னைக்கு ரெண்டாவது ஏர்போர்ட்டுன்னு 2022-ல அறிவிச்ச அதே பரந்தூர். பதிமூணு கிராமத்துல 5,000 ஏக்கருக்கும் மேல எடுக்கிறாங்கன்னு அறிவிப்பு வந்ததுல இருந்து ஏகனாபுரத்துல போராட்டம். கிராம சபையில திரும்பத் திரும்ப எதிர்த்துத் தீர்மானம் போட்டாங்க. 2025-ல மத்திய அரசோட கொள்கை ஒப்புதலும் வந்துடுச்சு. அவ பேப்பரைத் திருப்பிக் கொடுத்துட்டு ஒண்ணுதான் கேட்டா. "அந்தக் கோபிநாத் நிலம் அணையில போச்சே... அவங்க ஊர்ல போன மத்தவங்க நிலத்தைப் பத்தி ஏதாவது கிடைச்சுதா?"

நான் தேடவே இல்லைங்கிறதுதான் உண்மை. அதைச் சொன்னேன். அவ ஒண்ணும் சொல்லலை. எனக்கு விலை குறைஞ்ச டிக்கெட் வேணும், பிளேன்ல ஏறணும், அப்பாவை ஒரு தடவையாவது ஏத்தணும். பரந்தூர்ல ரன்வே வந்தா எங்க வீட்ல இருந்து ஷேர் ஆட்டோ தூரம்தான். இதை அவகிட்ட சொல்ல எனக்குத் தைரியம் வரலை, இங்க எழுதுறேன்.

ராத்திரி மொட்டை மாடியில படுத்திருந்தோம். மீனம்பாக்கம் பக்கம் இறங்கப் போற விமானம் ஒண்ணு விளக்கு மினுக்கிட்டுப் போச்சு. "இது இறங்கி, ஆளை இறக்கி ஏத்தி, எத்தனை நிமிஷத்துல கிளம்பும்?"னு அப்பா கேட்டார்.

"முப்பது நிமிஷம்."

"நாளைக்குப் பாவு பிணைக்கணும்"னு சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துட்டார்.