தேதியுள்ள காகிதமும் தேதியற்ற புராணமும்

புதுச்சேரிக்குப் புதிதாக வருகிற ஒருவர் இவ்வூரின் பழமை என்ன என்று கேட்டால், நம்மவர்களில் பலர் சொல்லும் முதல் பதில் என்ன? இது வேதபுரி, இங்கே அகத்தியர் ஆசிரமம் அமைத்துத் தவம் செய்தார் என்பதே. எந்த வருஷத்தில் என்று கேட்டால் பதில் இல்லை. யார் பார்த்தார்கள், யார் எழுதி வைத்தார்கள் என்று கேட்டாலோ, கேட்டவன் நாஸ்திகனாகி விடுகிறான். இப்படி வருஷமில்லாத சங்கதியைச் சரித்திரம் என்று மெச்சிக் கொள்ளுகிற இதே ஊரில்தான், தேதி போட்டு ஒரு தமிழர் ஏறக்குறைய 25 வருஷ காலம் எழுதி வந்த தினசரி ஒன்று பிறந்தது. அதன் ஆசிரியர் பெயரில் வீதி இருக்கிறது. அவர் குடியிருந்த மாளிகையும் இருக்கிறது. அவர் எழுதியதைப் படித்தவர்கள் நம்மில் எத்தனை பேர் என்பதே நமது கேள்வி.

நாம் சொல்லுவது ஆனந்தரங்கப் பிள்ளையின் தினசரியைப் பற்றியேயாகும். 1709-ல் சென்னைப் பெரம்பூரில் பிறந்த இவர், புதுவைக்கு வந்து பிரெஞ்சுக் கும்பினியாரோடு வியாபாரம் செய்து, கவர்னர் துய்ப்ளேக்சுக்குத் தலைமைத் துபாஷாகவும் ஆனார். 1736 முதல் 1761 வரை தாம் கண்டதையும் கேட்டதையும் எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, துணி என்ன விலைக்குப் போயிற்று, கவர்னர் யார்மேல் கோபித்தார், யார் யாருக்கு லஞ்சம் கொடுத்தார் என்பதெல்லாம் அதில் உண்டு. பண்டிதர் மெச்சுவதற்கோ, ராஜா பரிசளிப்பதற்கோ எழுதியதல்ல. பேச்சுத் தமிழோடு பிரெஞ்சும் போர்த்துகீசும் பாரசீகமும் கலந்து, அன்றைய கடைவீதியில் மனிதர்கள் எப்படிப் பேசினார்களோ அப்படியே எழுதப்பட்டது.

1761 ஜனவரியில் பிள்ளை இறந்தார். அதே மாதம் ஊர் ஆங்கிலேயர் கையில் விழுந்தது. கோட்டையையும் மாளிகைகளையும் அவர்கள் தரைமட்டமாக்கினார்கள். கல்லால் கட்டியது போயிற்று. காகிதத்தில் எழுதியது மிஞ்சிற்று. ஆனால் மிஞ்சிய காகிதத்தையும் நாமா தேடி எடுத்தோம்? பிள்ளையின் குடும்பத்தாரிடம் கிடந்த ஏடுகளை 1846-ல் கலுவா மோம்பிரோன் என்னும் பிரெஞ்சுக்காரர் கண்டு பிரதி செய்வித்தார். ஏரியேல் என்னும் மற்றொருவர் எடுத்த பிரதி பாரிஸ் தேசிய நூலகத்துக்குப் போயிற்று. 1894-ல் வின்சோன் என்பவர் சில பகுதிகளைப் பிரெஞ்சில் வெளியிட்டார். 1904 முதல் 1928 வரை சென்னை சர்க்கார் 12 பாகங்களாக ஆங்கிலத்தில் அச்சிட்டார்கள். தமிழன் தமிழில் எழுதியது தமிழில் நூல்களாக வரத் தொடங்கியது எப்போது? 1948-ல்! அதாவது, எழுதியவர் இறந்து 187 வருஷம் கழித்து. தமிழிலும் 12 பாகங்களாக வெளிவந்தது 2019-ல். இதற்காக வெள்ளைக்காரனைக் குறை சொல்லுவதில் அர்த்தமில்லை. அவன் தன் காரியத்துக்காகவாவது தேடினான். நாம் எந்தக் காரியத்துக்காகவும் தேடவில்லை.

போகட்டும். அப்படி அந்தக் காகிதத்தில் என்னதான் இருக்கிறது என்று கேட்கலாம். மூன்று வருஷங்களை மட்டும் எடுத்துக் கொள்ளுவோம்.

முதலாவது 1743. கூலி வேலை தருவதாகவும் வேறு வகையாகவும் ஏழை ஜனங்களை ஏமாற்றிப் பிடித்து, தலையை மழித்து, காலில் விலங்கு மாட்டி, ஒரு வீட்டில் அடைத்து வைத்து, இரவில் கொண்டுபோய் அடிமைகளாகக் கப்பலேற்றிய கூட்டம் ஒன்று அகப்பட்ட செய்தியைப் பிள்ளை எழுதுகிறார். பிடித்துக் கொடுத்த தரகன் தமிழன், வாங்கியவன் வெள்ளைக்காரன். இந்நாட்டு அடிமைகள் மொரீஷியஸ், புர்போன் முதலிய தீவுகளுக்குப் போனார்கள். புர்போன் என்பதுதான் இப்போது ரெயூனியோன் எனப்படுகிறது. அத்தீவுகளுக்குத் தமிழர் போனதை நாம் வியாபாரப் பெருமையாகவும் கடல் கடந்த வீரமாகவும் பேசிக் கொள்ளுகிறோமே, அந்தப் பேச்சில் இந்த விலங்கின் சத்தம் கேட்கிறதா?

இரண்டாவது 1745. நாம் சம்பா கோயில் என்று சொல்லுவது சேன் போல் என்ற பெயரின் திரிபு. அன்று அவ்விடத்தில் இருந்த மாதா கோயிலுக்குள்ளே குறுக்கே ஒரு சுவர் இருந்தது. சுவருக்கு ஒரு பக்கம் ஆதிதிராவிடக் கிறிஸ்தவர்கள். மறுபக்கம் உயர்ஜாதிக் கிறிஸ்தவர்களும் சட்டைக்காரர்களும். ஞானஸ்நானம் ஒன்று, ஜெபம் ஒன்று, சுவர் மட்டும் இரண்டாகப் பிரித்தது. அவ்வருஷம் அக்டோபர் மாதத்தில் ஆதிதிராவிடக் கிறிஸ்தவர்கள் பலர் கூடிப் பாதிரியாரிடம் போய், எல்லோரும் ஒரே மதத்துப் பிள்ளைகளாயிருக்க எங்களை மட்டும் பிரித்து வைப்பது என்ன நியாயம் என்று கேட்டார்கள். பாதிரியார் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் சுவரை இடிக்கச் செய்தார். உயர்ஜாதிக்காரர்கள் கொதித்துக் கிளம்பினார்கள். இவ்வளவும் அந்தத் தினசரியில் இருக்கிறது.

வாசகர்கள் இந்த வருஷத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டுகிறோம். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்பவை பிரான்சு தேசத்திலிருந்து கப்பலேறி வந்த சரக்கு என்று புதுவையில் வெகுநாளாகச் சொல்லி வருகிறார்கள். பிரெஞ்சுப் புரட்சி நடந்தது 1789-ல். அதற்கு 44 வருஷங்களுக்கு முன்பே, எழுதப் படிக்க வழியில்லாமல் வைக்கப்பட்டிருந்த சேரி ஜனங்கள், ரூசோவையும் வால்த்தேரையும் கேள்விப்படாத ஜனங்கள், இதே ஊரில் நின்று சமத்துவம் கேட்டிருக்கிறார்கள். கேட்டுச் சுவரையும் இடிக்க வைத்திருக்கிறார்கள். ஒருவன் தன்னை மனிதன் என்று உணருவதற்கு எந்தத் தேசத்துக் கப்பலும் வரவேண்டியதில்லை என்பதற்கு இதைவிட என்ன ருஜு வேண்டும்? இந்த ஒரு பக்கத்துக்காகவே அந்தத் தினசரியைப் பொக்கிஷம் என்று சொல்லலாம். ஆனால் நம் பிள்ளைகள் புதுவைச் சரித்திரம் என்று படிப்பது எந்தக் கவர்னருக்குப் பின் எந்தக் கவர்னர் வந்தார் என்பதைத்தான்.

மூன்றாவது 1748. ஆங்கிலேயர் ஊரை முற்றுகையிட்டிருந்த செப்டம்பர் மாதத்தில், மாதா கோயிலுக்கு அடுத்திருந்த வேதபுரீசுவரன் கோயிலை இடித்தார்கள். பாதிரிகள் நெடுநாளாகக் கேட்டு வந்தது. துய்ப்ளேக்சின் மனைவியும் அதற்கு ஆதரவு. பிள்ளை மனம் நொந்து எழுதியிருக்கிறார். தன் வீட்டைக் காத்துக் கொள்ள முடியாத சாமி ஊரை எப்படிக் காக்கும் என்று நாம் கேட்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அதிகாரம் கையிலிருக்கிற திமிரில் மற்றவர் கும்பிடுகிற இடத்தை இடிப்பது அக்கிரமம். அதை யார் செய்தாலும் அக்கிரமமே.

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். ஒரு கூட்டத்தார் 1748-ஆம் வருஷத்துப் பக்கத்தை மட்டும் கிழித்தெடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, பார்த்தீர்களா அந்நிய மதத்தின் அட்டூழியத்தை என்று கூச்சல் போடுகிறார்கள். அவர்களுக்கு 1745-ஆம் வருஷத்துப் பக்கம் வேண்டியதில்லை. ஏனெனில் அதைப் படித்தால் அடுத்த கேள்வி வந்துவிடும்: மாதா கோயிலிலாவது ஜாதிக்கு ஒரு சுவர் தேவைப்பட்டது, ஈசுவரன் கோயிலில் அந்தச் சுவரும் தேவைப்படவில்லையே, ஏன்? சேரி ஜனங்களை உள்ளேயே விட்டதில்லை, அதனால்தான்! மற்றொரு கூட்டத்தாரோ 1745-ஐயும் 1748-ஐயும் சேர்த்தே மறைத்துவிட்டு, வெள்ளைக்காரன் வீதி நேராகப் போட்டான் என்று புகழ் பாடுகிறார்கள். இரண்டு பேருக்கும் தேவை சரித்திரமல்ல. தங்கள் கட்சிக்கு ஒரு சாட்சி. சாட்சியை முழுவதும் பேச விடாமல் பாதியில் வாயை மூடுகிறவன் யாராயிருந்தாலும் அவனிடம் ஏதோ குற்றம் இருக்கிறதென்றுதான் அர்த்தம்.

"பிள்ளை பெரிய பணக்காரர், பல்லக்குக்கும் மேளத்துக்கும் ஆசைப்பட்டவர், நாளும் நட்சத்திரமும் ஜாதகமும் பார்த்தவர், அவரைப் பகுத்தறிவுக்காரர்கள் கொண்டாடலாமா?" என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். நாம் பிள்ளையைக் கும்பிடச் சொல்லவில்லை, படிக்கத்தான் சொல்லுகிறோம். தமக்குப் பெருமையானதை மட்டுமல்லாமல் தம் கண்ணில் பட்ட அவமானத்தையும் தேதி போட்டு எழுதினாரே, அதுதான் நமக்கு வேண்டியது. அவருடைய ஜோசிய நம்பிக்கை அவரோடு போகட்டும். அவர் எழுதியதில் தவறிருந்தால் வேறு ஆதாரத்தோடு ஒத்துப் பார்த்துத் தவறென்று சொல்ல நமக்கு உரிமையுண்டு. புராணத்தை அப்படிச் செய்ய முடியுமா? தவறு என்று நிரூபிக்க இடங்கொடுப்பதே ஒரு சங்கதி சரித்திரம் என்பதற்கு அடையாளம்.

இந்த ஊரில் வேறு ஆதாரங்கள் இல்லாமலுமில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர்ச் செப்பேடு, மூன்று கிராமங்களின் வருமானம் ஒரு வித்தியாஸ்தானத்துக்கு விடப்பட்டதைச் சொல்லுகிறது. பழந்தமிழ் நாட்டில் கல்லூரி இருந்தது என்று இதைக் காட்டிப் பெருமைப்படுகிறவர்கள், அந்த மூன்று கிராமங்களிலும் ஏர் பிடித்தவன் பிள்ளைக்கு அந்தக் கல்லூரியில் இடமிருந்ததா என்றும் ஒரு கேள்வி கேட்டுக் கொள்ளுவது நல்லது. அரிக்கமேட்டில் 1945-ல் வீலர் தோண்டியபோது கிடைத்த ரோமாபுரி மட்பாண்டத் துண்டுகள், அகத்தியர் கதையைவிட ஆயிரம் மடங்கு யோக்கியமான சாட்சிகள்.

இவ்வளவு இருந்தும் நாம் காகிதத்தை எப்படி நடத்தி வந்திருக்கிறோம்? பழைய ஏடுகளை ஆடிப் பதினெட்டில் ஆற்றில் விட்டால் புண்ணியம் என்று விட்டவர்கள் நாம். போகிக்குப் பழையன கழிதல் என்று சொல்லித் தாத்தாவின் கணக்குப் புஸ்தகத்தைக் கொளுத்துகிறவர்கள் நாம். மிஞ்சினதைச் சரஸ்வதி பூஜையன்று அடுக்கி, சந்தனமும் குங்குமமும் வைத்து, அன்றைக்கு மட்டும் திறந்து படிக்கக் கூடாது என்று சட்டமும் போடுகிறோம். படிக்கிறவனுக்குத்தான் புஸ்தகமே தவிர, பொட்டு வைக்கிறவனுக்கல்ல.

1954 அக்டோபர் 18-ல் கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்தார்கள். நவம்பர் 1-ல் நிர்வாகம் மாறிற்று; 1962 ஆகஸ்டு 16-ல் ஒப்பந்தம் சட்டப்படி அமலுக்கு வந்தது. கொடி மாறிவிட்டது. ஆனால் பிரெஞ்சிந்தியாவின் தஸ்தாவேஜுகளில் பெரும்பகுதி பிரான்சில் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரத்து ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. இங்கே மிஞ்சியவை இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தின் புதுவை மையத்தில் இருக்கின்றன. பிரெஞ்சு தெரிந்த ஆராய்ச்சிக்காரர் சிலர் போய்ப் பார்க்கிறார்கள். மீன் பிடிக்கிறவனுக்கும் மில்லில் உழைத்தவன் பேரனுக்கும் அந்தக் கதவு திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் ஒன்றுதான். ஏனெனில் உள்ளே இருப்பது அவன் பாஷையில் இல்லை.

ஆகவே நாம் கேட்பது அதிகமில்லை. தினசரியின் தமிழ்ப் பாகங்கள் புதுவை, காரைக்கால் வாசகசாலைகள் எல்லாவற்றிலும் இருக்கட்டும். 1743, 1745, 1748 ஆகிய மூன்று வருஷத்துப் பக்கங்களும் ஒன்றையும் விடாமல் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பாடமாகட்டும். பிரெஞ்சுத் தஸ்தாவேஜுகள் தமிழில் வரட்டும். உங்கள் வீட்டுப் பரணில் பழைய கிரயப் பத்திரமோ, கப்பல் சீட்டோ, கூலிக் கணக்கோ இருந்தால் அடுத்த போகிக்குக் கொளுத்தாமல் வையுங்கள்.

1745-ல் சுவரை இடிக்கச் சொன்னவர்கள் பாடுபட்டுப் பிழைத்த ஜனங்கள். அவர்களுக்கு ஸ்தல புராணம் பாட எந்தப் புலவனும் வரவில்லை. அவர்கள் கேட்ட கேள்வி நம் காதுக்கு எட்டியது ஒரு காகிதத்தால்தான். அதையும் நாம் படிக்காமல் விட்டால், அன்று இடித்த சுவரை நாமே மறுபடி கட்டினவர்களாவோம்.